ஆமையின் இயலாமை

“ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா” என்று நம் நாட்டில் ஒரு பழமொழி வழங்கி வருகிறது. இதனை மேடையில் எடுத்தாளும் பேச்சாளர் பலர், இங்கே ஆமை என்பது ஊர்ந்து செல்லும் உயிரைக் குறிப்பதன்று; பொறாமை, கல்லாமை, முயலாமை ஆகிய தீக்குணங்களையே குறிக்கும் என நயம்பட விளக்குவர். விளக்கம் எதுவாயினும், ஒருவருக்கும் தீங்கு நினையாத அந்த உயிரின்மீது பழி சுமத்துவதற்கு நியாயம் ஏதும் இல்லை. வள்ளுவப் பெருந்தகை ஐம்புலன்களையும் அடக்கி வாழ்வோருக்கு ஆமையையே உவமையாகக் காட்டினார். கிறிஸ்தவர்களாகிய நமக்கோ, இறைவன் படைத்து நல்லதெனக் கண்ட உயிர்களுள் அதுவும் ஒன்று. அதன் வருகையால் நற்பேறும் இல்லை, கேடும் இல்லை.

பேச்சாளர்களின் பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறாத மற்றோர் ‘ஆமை’ உண்டு. அதுவே இயலாமை. உணவு கண்ணெதிரே இருக்கிறது, வாய்க்கு எட்டவில்லை. நீர் ஒரு சாண் தொலைவில் இருக்கிறது, நாவு நனையவில்லை. வீடுகளில் ஆமை வளர்க்கும் வழக்கமுள்ள நாடுகளில், தட்டு நிறையத் தழையும் கிண்ணம் நிறைய நீரும் வைத்திருந்தும், உண்ணாமல் குடியாமல் மெலியும் ஆமைகள் உண்டு. அவற்றுக்குத் துணைபுரிந்தவர்கள் கையாண்ட வழிகளை அறிந்துகொண்டால், ஆமையே இல்லாத நம் இல்லங்களுக்கும் அவற்றில் ஒரு பாடம் இருப்பது விளங்கும்.

ஓடே காவல், ஓடே கட்டு

நிலத்தில் வாழும் ஆமையின் ஓடு, அது தன் முதுகில் சுமக்கும் தனிப்பொருள் அன்று. அதன் முதுகெலும்பும் விலா எலும்புகளும் ஓட்டுடன் ஒன்றாக இணைந்துள்ளன. ஆகவே நாயைப் போலவோ பூனையைப் போலவோ அது உடலை வளைக்க இயலாது, குனிய இயலாது, துள்ள இயலாது. கழுத்து ஒன்றே நீளும். வயிற்றுப் பக்கமும் கடினமான தகடாக இருப்பதால், சற்று உயர்ந்த விளிம்பு குறுக்கிட்டாலும் தகடு அதில் தட்டி நின்றுவிடும். அதையும் மீறி ஏற முயன்றால் சில வேளைகளில் மல்லாந்து விழும். அவ்வாறு விழுந்த ஆமை தானாகத் திரும்ப முடியாமல் கடும் வெயிலில் கிடந்தால் இறந்துபோகவும் கூடும்.

அதற்குப் பற்கள் இல்லை. கிளியின் அலகு போன்ற கொம்புப்பொருளாலான தாடை விளிம்பால் தழையைக் கத்தரித்து விழுங்குகிறது. நீர் பருகும்போது தலையைத் தாழ்த்தி வாயை நீரில் அமிழ்த்தி, தொண்டையை அசைத்து உறிஞ்சுகிறது. தன் உடலில் தானே வெப்பத்தை உண்டாக்கிக்கொள்ளும் ஆற்றலும் அதற்கு இல்லை. வெயிலில் காய்ந்து உடல் சூடேறினால்தான் பசி எடுக்கும், உண்டதும் செரிக்கும்.

எனவே ஆமைக்கு உணவு எட்டுவது என்றால் தொலைவு ஒன்றை மட்டும் பார்த்தால் போதாது. உயரம், தரையின் பிடிப்பு, வெப்பம், கண்ணொளி, அலகின் கூர்மை ஆகிய அனைத்தும் ஒருங்கே அமைந்தால்தான் ஒரு கவளம் அதன் வாய்க்குள் செல்லும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் நிறைந்த தட்டின் முன்னே அது பட்டினி கிடக்க நேரிடும்.

புனித ஹெலேனா தீவின் முதியவர்

இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. தென் அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே, ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர் தொலைவில் ஒரு சிறு தீவு இருக்கிறது. 1502-ஆம் ஆண்டில் அதைக் கண்ட போர்த்துகீசிய மாலுமிகள், மாமன்னர் கான்ஸ்டன்டைனின் அன்னையும், ஆண்டவரின் திருச்சிலுவையைத் தேடிக் கண்டவர் எனத் திருச்சபை மரபு போற்றுபவருமான புனித ஹெலேனாவின் பெயரை அதற்குச் சூட்டினர். பிரெஞ்சுப் பேரரசன் நெப்போலியன் சிறை வைக்கப்பட்டு 1821-இல் உயிர் நீத்ததும் அத்தீவிலேதான்.

அங்கே ஆளுநர் மாளிகையின் புல்வெளிக்கு 1882-ஆம் ஆண்டில் சேஷல்ஸ் தீவுகளிலிருந்து ஒரு பேராமை கொண்டுவரப்பட்டது. அதன் பெயர் ஜோனத்தான். வந்தபோதே முழு வளர்ச்சி அடைந்திருந்தமையால், குறைந்தது 50 வயது நிரம்பியிருக்க வேண்டும் எனக் கணித்து, அது பிறந்த ஆண்டு 1832 என மதிப்பிட்டனர். 2022-ஆம் ஆண்டில், ஆமை இனத்தில் அறியப்பட்ட அனைத்திலும் மிக நீண்ட காலம் வாழ்ந்தது இதுவே என உலகச் சாதனைப் பதிவேடு அறிவித்தது. ஆளுநர்கள் பலர் வந்தனர், சென்றனர். இரண்டு உலகப் போர்கள் நடந்து முடிந்தன. ஜோனத்தான் அதே புல்வெளியில் மேய்ந்துகொண்டிருந்தது.

ஆனால் முதுமை அதையும் விட்டுவைக்கவில்லை. கண்புரை வளர்ந்து பார்வை முற்றும் மங்கியது. மோப்ப உணர்வும் அற்றுப்போயிற்று. பார்வையும் மோப்பமும் இல்லாத உயிருக்குப் பச்சைப் புல் எது, காய்ந்த சருகு எது, மண் எது என்று எவ்வாறு தெரியும்? சுற்றிலும் ஏக்கர் கணக்கில் புல் விளைந்திருந்தும், அதற்கு வேண்டிய சத்து கிடைக்கவில்லை. சத்துக் குறைவினால் அலகு மழுங்கி உதிரத் தொடங்கியது. மழுங்கிய அலகால் புல்லை அறுக்க முடியவில்லை. அறுக்க முடியாமையால் சத்து மேலும் குறைந்தது. ஓர் இயலாமை மற்றோர் இயலாமையைப் பெற்றெடுத்து, இரண்டும் சேர்ந்து அந்த முதிய உயிரை மெல்ல மெல்ல வீழ்த்திக்கொண்டிருந்தன.

இதனைக் கண்ணுற்றவர் தீவின் கால்நடை மருத்துவர் ஜோ ஹாலின்ஸ். அவர் மேற்கொண்ட மருத்துவம் மிக எளியது. வாரந்தோறும் தவறாமல் வந்து, கையுறை அணிந்துகொண்டு, வாழைப்பழம், கேரட், வெள்ளரி, கொய்யா, கீரை முதலியவற்றைத் தம் கையாலேயே அதன் வாயில் ஊட்டினார். நாளடைவில் மழுங்கிய அலகு மீண்டும் கூர்மை பெற்றது. அலகு கூர்மை பெறவே, ஜோனத்தான் தானே புல்லை அறுத்து மேயலாயிற்று. செவிப்புலன் மட்டும் குன்றாதிருந்தமையால், மருத்துவரின் குரலைக் கேட்டதும் அது தலையை நீட்டி அவரை நோக்கி வந்தது.

வாரத்தில் ஒரு முறை ஊட்டியவர், மற்ற நாள்களில் அது தானே மேய்வதற்குரிய வலிமையைத் திருப்பித் தந்தார் என்பதே இங்கு கருதத்தக்கது. உதவியால் அந்த உயிர் சோம்பிப் போகவில்லை. இழந்ததை மீண்டும் பெற்றது.

தன்னைப் பேணுபவரை ஆமை அறியுமா என ஐயுறுவோருக்குப் பழைய சான்று ஒன்றும் உண்டு. இங்கிலாந்தில் 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கில்பர்ட் ஒயிட் என்னும் ஆங்கிலிக்கத் திருப்பணியாளர், தம் அத்தையார் வளர்த்துவந்த டிமோதி என்ற ஆமையைக் கூர்ந்து நோக்கிக் குறிப்புகள் எழுதினார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உணவளித்துவந்த அந்த மூதாட்டியைக் கண்டதும் அது தத்தித் தத்தி அவரை நோக்கிச் செல்லும் என்றும், அயலாரைப் பொருட்படுத்தாது என்றும் அவர் எழுதி வைத்தார். 1780-இல் அத்தையார் மறைந்தபின் ஆமையைத் தம் இல்லத்திற்கே கொண்டுவந்து பேணினார்.

தடை எது எனக் காணுதல்

ஆமை உண்ணவில்லை என்றால் உணவை மாற்றிப் பார்ப்பதே பலர் செய்வது. அறிந்தோர் முதலில் ஒரு மணி நேரம் அமைதியாக உட்கார்ந்து கவனிப்பர். அது தட்டை நோக்கி வருகிறதா? வந்து எங்கே நின்றுவிடுகிறது? நிற்கும் இடத்திலேதான் தடை இருக்கிறது.

தடை கிண்ணத்தின் விளிம்பானால், கிண்ணத்தைத் தரையில் பதித்து, விளிம்பும் நிலமும் ஒரே மட்டமாக இருக்கும்படி செய்வர். இதற்கு விலையுயர்ந்த பாண்டம் வேண்டியதில்லை. பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் தாழ்ந்த மண்தட்டே மிகச் சிறந்தது. பளபளப்பான பீங்கான் வழுக்கும். மண்தட்டின் சொரசொரப்பான பரப்பில் கால் ஊன்றும். ஆமை தலையை உள்ளிழுத்து நிற்கும்போது நீர் அதன் முகவாய்க்கு மேல் ஏறலாகாது. ஆழமான நீரில் நில ஆமை மூழ்கிவிடும். அது நீருக்குள் இறங்கி நிற்பதும், அங்கேயே கழிப்பதும் இயல்பாதலால், நாள்தோறும் நீரை மாற்றுதல் வேண்டும்.

நடந்து சென்று குடிக்க மாட்டாத நோயுற்ற ஆமையை, வெதுவெதுப்பான ஆழமற்ற நீரில் கால்மணி நேரம் நிற்க வைப்பர். பல ஆமைகள் அவ்வாறு நிற்கும்போதே தலை தாழ்த்தி வேண்டிய மட்டும் பருகும்.

தடை குளிரானால், உணவை மூக்கின் அருகே கொண்டுபோய் வைத்தாலும் பயன் இராது. முதலில் வெயில், பிறகே உணவு. வெயில் குறைந்த நாடுகளில் இதற்கென விளக்கு பொருத்தி, அதன் வெப்பத்தில் ஆமை காய்ந்த பிறகு தழையை வைப்பர்.

தடை வலிய கூட்டாளியாகவும் இருக்கலாம். இரண்டு மூன்று ஆமைகள் ஓரிடத்தில் வளரும்போது, பெரியது முட்டித் தள்ள, சிறியது ஒதுங்கிவிடும். வளர்ப்பவரோ தட்டு காலியானதைக் கண்டு, எல்லாம் உண்டன என மகிழ்ந்திருப்பார். வெவ்வேறு இடங்களில் தட்டு வைத்தாலன்றி மெலிந்ததற்குப் பங்கு கிடைக்காது.

தடை அலகில் இருப்பின், அதாவது அது அளவுக்கு மீறி வளர்ந்து வாய் மூடாதிருப்பின், பழகிய கால்நடை மருத்துவரே அதைச் செதுக்கிச் சீர்செய்ய வேண்டும். வீட்டிலுள்ளோர் கத்தியைக் கையில் எடுத்தல் ஆகாது. அலகு மிகுதியாக வளராமலிருக்கத் தட்டையான கல்லின்மேல் தழையை வைப்பர். கடிக்குந்தோறும் அலகு கல்லில் உராய்ந்து தேயும். நம் கடற்கரை மக்கள் நன்கறிந்த கணவாய் ஓட்டைப் போட்டு வைத்தால், ஆமை அதைக் கொறித்துச் சுண்ணாம்புச் சத்தையும் பெறும்.

தடை கண்ணில் இருப்பின், தட்டின் இடத்தை மாற்றாதிருப்பதே பேருதவி. நாள்தோறும் அதே நேரம், அதே மூலை, அதே குரல். பார்வை இழந்த உயிர் பழக்கத்தின் துணைகொண்டு வழி காணும்.

வேல்ஸ் நாட்டின் பெம்புரோக் நகரில் ஏறத்தாழ 90 வயதான ஓர் ஆமை குளிர்கால உறக்கத்தில் இருந்தபோது, எலிகள் அதன் முன்கால்களைக் கடித்துத் தின்றுவிட்டன. பின்கால்களால் உந்தினாலும் உடலின் முற்பகுதி தரையில் புதைந்ததால் அதனால் நகர முடியவில்லை. அவ்வீட்டாரின் மகன், பொறியியல் பயின்றவர், விளையாட்டு விமானத்தின் சிறு சக்கரங்கள் இரண்டை ஓட்டின் முன்புறத்தில் பொருத்தினார். பின்கால்கள் உந்த, சக்கரங்கள் உருள, ஆமை முன்னிலும் விரைவாக நடந்தது. இச்செய்தி 2014-ஆம் ஆண்டில் இதழ்களில் வெளிவந்தது. இழந்த கால்களைத் திருப்பித் தர எவராலும் இயலவில்லை. எஞ்சியிருந்த கால்களின் உழைப்பு வீணாகாதபடி செய்ய இரண்டு சக்கரங்கள் போதுமாயிருந்தன.

நமக்கு ஓர் எச்சரிக்கை

இவற்றைப் படிக்கும் சிறுவர் சிறுமியர், நாமும் ஓர் ஆமை வளர்த்தால் என்ன என எண்ணக்கூடும். பெற்றோர் இதைத் தெளிவாக எடுத்துரைக்க வேண்டும். தமிழகத்தின் வறண்ட புதர்க்காடுகளில் வாழும் நட்சத்திர ஆமையைப் பிடிப்பதும், விற்பதும், வாங்கி வளர்ப்பதும் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். 2019-ஆம் ஆண்டில் உலக நாடுகளும் அதன் வணிகத்தை முற்றாகத் தடுக்கும் பட்டியலில் அதனைச் சேர்த்தன. வீட்டில் ஆமை இருந்தால் செல்வம் பெருகும் என்ற மூடநம்பிக்கையும், அயல்நாட்டுச் சந்தையின் பேராசையும் சேர்ந்து அந்த அழகிய உயிரைப் பெட்டிகளில் அடைத்துக் கடத்துகின்றன. உருப்படாது என்று அஞ்சி விரட்டுவதும், செல்வம் தரும் என்று ஆசைப்பட்டுச் சிறையிடுவதும் ஒரே அறியாமையின் இரு முகங்கள்.

காட்டு ஆமைக்கு நாம் செய்யத்தக்க உதவி, அதை அதன் இடத்தில் விட்டுவைப்பதே. அடிபட்டுக் கிடக்கும் ஆமையைக் கண்டால் வனத்துறையினருக்கு அறிவிக்கலாம். கோடையில் தோட்டத்தின் நிழலான மூலையில் ஒரு தாழ்ந்த மண்தட்டைத் தரைமட்டமாகப் பதித்து, நடுவே ஒரு கல்லையும் இட்டு நீர் வார்த்து வைக்கலாம். அணிலும், ஓணானும், சிட்டுக்குருவியும் வந்து பருகும். மாடியில் வைக்கும் நீர் பறப்பவற்றுக்கு எட்டும். தரையில் வைக்கும் நீர் ஊர்பவற்றுக்கும் எட்டும்.

ஆண்டவர் காட்டிய ஒப்புமை

மனிதர் பசித்திருக்க ஆமைக்கு இத்தனை பரிவா என்று ஒருவர் கேட்கலாம். கேட்கத்தக்க கேள்வியே. திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இவ்விரண்டையும் சேர்த்தே போதிக்கிறது. விலங்குகள் இறைவனின் படைப்புகள். அவற்றைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கு ஒவ்வாது என்கிறது. புனித பிரான்சிஸ் அசிசியாரும் புனித பிலிப்பு நேரியாரும் அவற்றிடம் காட்டிய கனிவை நினைவூட்டுகிறது. அதே வேளையில், துன்புறும் மனிதரின் துயர் துடைக்க முதலில் செலவிட வேண்டிய பொருளை விலங்குகளுக்கெனச் செலவிடுவது தகாது என்றும் எச்சரிக்கிறது. மேலே கண்ட உதவிகளை எண்ணிப் பாருங்கள். ஒரு மண்தட்டு, ஒரு தட்டைக்கல், சிறிது வெந்நீர், வாரம் ஒரு முறை ஒரு வாழைப்பழம். ஏழையிடமிருந்து எதையும் பறிக்காத பரிவு அது. அதற்கு வேண்டியதெல்லாம் கூர்ந்து நோக்கும் கண்களும் தவறாத ஒழுங்குமே.

நம் ஆண்டவரோ இவ்விரு பரிவுகளையும் ஒரே வாக்கியத்தில் இணைத்தார். லூக்காஸ் நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். 18 ஆண்டுகளாகக் கூனிப்போய், நிமிரவே இயலாதிருந்த ஒரு பெண்ணை ஓய்வுநாளில் அவர் குணமாக்கினார். தொழுகைக்கூடத் தலைவன் சினந்தான். அப்போது ஆண்டவர், ஓய்வுநாளிலும் நீங்கள் மாட்டையும் கழுதையையும் அவிழ்த்துத் தண்ணீர் காட்டக் கொண்டு செல்வதில்லையா, அப்படியிருக்க ஆபிரகாமின் மகளான இவளைக் கட்டவிழ்க்கலாகாதா என்னும் கருத்துப்பட வினவினார். விலங்குக்குத் தண்ணீர் காட்டும் கருணையை அவர் குறை கூறவில்லை. அதனையே படியாக வைத்து, மனிதருக்குக் காட்ட வேண்டிய கருணைக்கு நம்மை ஏற்றிவிடுகிறார்.

அருளப்பர் நற்செய்தியிலும் ஒருவனைக் காண்கிறோம். பெத்சதா குளத்தின் கரையில் 38 ஆண்டுகளாக நோயுற்றிருந்த அவன், நீர் கலங்கும்போது தன்னை அதில் இறக்கிவிட ஆளில்லை என்று முறையிட்டான். குளம் அருகிலேயே இருந்தது. நீரும் இருந்தது. எட்டவில்லை. வலியவர் முந்திக்கொண்டனர்.

நம் இல்லத்தில்

அன்புக் குடும்பத்தினரே, நம் வீடுகளிலும் ஒரு பெத்சதா இருக்கக்கூடும். கண்புரை வளர்ந்த தாத்தாவுக்குச் சோறும் குழம்பும் ஒரே நிறமாய்த் தெரிகின்றன. கை நடுங்கும் பாட்டி கனமான செம்பைத் தூக்க மாட்டாமல் தாகத்தோடு படுத்துக்கொள்கிறார். பல் விழுந்தவருக்கு வைத்த முறுக்கு தட்டிலேயே கிடக்கிறது. பிள்ளைகள் அதிகமுள்ள வீட்டில் கூச்சமுள்ள குழந்தை, வலிய தமையன் எடுத்ததுபோக எஞ்சியதை உண்டு எழுந்துவிடுகிறது. “எல்லாம்தான் வைத்தேனே, சாப்பிடாதது அவர்கள் குற்றம்” என்று சொல்லி நாம் அமைதி கொள்கிறோம். வைத்தது உண்மை. எட்டியதா என்று பார்த்தோமா?

ஆமைக்குச் செய்ததையே இங்கும் செய்யலாம். முதலில் சற்று உட்கார்ந்து கவனிப்போம். செம்புக்குப் பதிலாக இலேசான பிடியுள்ள குவளையைப் படுக்கைக்கு அருகே, கை நீட்டும் உயரத்தில், எந்நாளும் ஒரே இடத்தில் வைப்போம். வெள்ளைச் சோற்றை வெள்ளைத் தட்டில் இடாமல், நிறம் வேறுபட்ட தட்டில் இடுவோம். தட்டை வைத்தவுடன் எழுந்து போகாமல், எதிரே எது, வலப்புறம் எது என்று குரல் கொடுத்துச் சொல்வோம். அவர்கள் தாமே எடுத்து உண்ண இயலும்வரை அந்த உரிமையை அவர்களிடமிருந்து பறியாதிருப்போம். இயலாத நாளில் ஊட்டுவதற்கு நாணாதிருப்போம். நம்மை ஊட்டி வளர்த்த கைகள் அவை.

இவ்வேலைகளைப் பிள்ளைகளிடமும் பகிர்ந்தளியுங்கள். தோட்டத்து மண்தட்டில் காலைதோறும் நீர் மாற்றும் பொறுப்பு ஒருவருக்கு. தாத்தாவின் குவளையை நிரப்பும் பொறுப்பு மற்றவருக்கு. வாரத்திற்கு ஒரு முறை அவர்கள் பொறுப்பை மாற்றிக்கொள்ளட்டும். பேசாத உயிரின் தாகத்தைக் கண்டுகொள்ளப் பழகிய குழந்தை, வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் முதியோரின் தாகத்தையும் கண்டுகொள்ளும்.

இன்றிரவு குடும்பச் செபம் முடிந்து விளக்கை அணைக்குமுன், நம் வீட்டில் யாருக்கு எது எட்டவில்லை என்று ஒரு முறை பார்ப்போம். தாகமாயிருந்தவருக்குக் கொடுத்த ஒரு குவளை நீரையும் தமக்கே கொடுத்ததாக ஏற்றுக்கொள்ளும் ஆண்டவர், அந்தக் குவளையைக் கை எட்டும் தூரத்தில் நகர்த்தி வைத்தவரையும் மறவார்.